தலையங்கத்தைக் கடைசியில் படியுங்கள்

கேள்வி: தமிழ்வழியில் பள்ளிப் படிப்பு, பிறகு பி.காம். இப்போது வங்கித் தேர்வுக்குத் தயாராகிறேன். ஆங்கிலம் வரவேண்டுமானால் தினமும் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைப் படி என்கிறார்கள். ஒரு தலையங்கத்தை முடிக்கவே காலைப்பொழுது போய்விடுகிறது. புரியாத சொற்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தாலும் அடுத்த வாரம் மறந்துவிடுகின்றன. பேச வாயெடுத்தால் ஒரு வாக்கியம்கூட வருவதில்லை. செய்தி படித்து ஆங்கிலம் கற்க முடியுமா?
– வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நிச்சயம் முடியும். உங்கள் நினைவாற்றலில் ஒரு குறையும் இல்லை. தொடங்கிய இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். நாளிதழிலேயே கடினமான பகுதி தலையங்கம். செய்தி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் அதை எழுதுகிறார்கள். இன்று வரி, நாளை வெளியுறவு என்று பொருளும் தினம் மாறுகிறது. இன்று கற்ற சொல்லை நாளை மறுபடி பார்க்க வாய்ப்பில்லாதபோது அது எப்படி மனதில் தங்கும்?

எனவே ஒரே ஒரு செய்தியைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் பின்தொடருங்கள். முதலில் தமிழில் படித்துவிடுங்கள், அல்லது கேட்டுவிடுங்கள். என்ன நடந்தது என்பது தெரிந்துவிட்டால், எப்படிச் சொல்கிறார்கள் என்பதில் முழுக் கவனமும் போகும்.

புயல் செய்தி இதற்கு மிகப் பொருத்தம். 2024 நவம்பர் கடைசி வாரத்து ஃபெஞ்சல் புயலை எடுத்துக்கொள்வோம். தாழ்வு மண்டலமாக உருவாகி, புயலாகும் என்று சொல்லப்பட்ட நாள் தள்ளிப்போய், 29ஆம் தேதி புயலாகி, 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அந்த வாரம் முழுவதும் 'டிப்ரெஷன்', 'இன்டென்சிஃபை', 'கிராஸ் த கோஸ்ட்' என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. கடக்கும் முன் 'இஸ் லைக்லி டு கிராஸ்' என்றும் கடந்த பின் 'கிராஸ்டு' என்றும் எழுதுவார்கள். ஒரே வினைச்சொல் எதிர்காலத்திலிருந்து இறந்தகாலத்துக்கு மாறுவதை, உங்களுக்குத் தெரிந்த நிகழ்விலேயே பார்க்கிறீர்கள். இலக்கணப் புத்தகத்தில் படிப்பதைவிட இது ஆழமாகப் பதியும்.

அடுத்து, தலைப்புகள். அவற்றுக்குத் தனி இலக்கணம் உண்டு. நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் சொல்வார்கள்: 'சைக்ளோன் கிராசஸ் கோஸ்ட்'. நாளை நடக்கப்போவதை 'டு' போட்டுச் சொல்வார்கள்: 'ஸ்கூல்ஸ் டு ரிமெய்ன் க்ளோஸ்டு'. 'ஃபோர் அரெஸ்டட்' என்றால் நான்கு பேர் யாரையோ கைது செய்தார்கள் என்று பொருளல்ல. நான்கு பேர் கைதானார்கள். நடுவில் இருக்கவேண்டிய 'வேர்' இடத்துக்காக விடப்பட்டிருக்கிறது. தினமும் மூன்று தலைப்புகளை முழு வாக்கியமாக விரித்து எழுதுங்கள். விட்டுப்போன 'த', 'இஸ்', 'வேர்' எல்லாவற்றையும் நீங்களே நிரப்பும்போது, தேர்வில் பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளுக்கும் பயிற்சியாகும். ஆனால் தேர்வுத் தாளில் தலைப்பு நடையில் எழுதிவிடாதீர்கள்.

செய்தியின் முதல் இரண்டு பத்திகளில் யார், என்ன, எங்கே, எப்போது என்பது பெரும்பாலும் வந்துவிடும். போகப்போக முக்கியத்துவம் குறையும். ஆகவே தொடக்கத்தில் அந்த இரண்டு பத்திகள் போதும். நீண்ட வாக்கியத்தில் திணறினால் வினைச்சொல்லைத் தேடுங்கள். தமிழில் அது கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். யார், என்ன செய்தார் என்ற இரண்டும் கிடைத்துவிட்டால் மற்றவை தாமாக இடத்தில் அமரும்.

நோட்டில் தனிச்சொல்லை எழுதாமல், அது வந்த வாக்கியத்தையே எழுதுங்கள். 'வார்னிங்' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. 'இஷ்யூடு எ வார்னிங்' என்று எழுதினால், எச்சரிக்கை விடுத்தார்கள் என்று சொல்ல எந்த வினை சேரும் என்பதும் கூடவே வந்துவிடும். ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியங்கள் போதும்.

காதுக்கும் வேலை கொடுங்கள். 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' 1959இல் 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' ஒலிபரப்பைத் தொடங்கியபோது, சுமார் 1,500 சொற்களைக் கொண்டே, நிதானமான வேகத்தில் உலகச் செய்திகளைச் சொன்னது. செய்தியைப் புரிந்துகொள்ளப் பெரிய சொற்களஞ்சியம் முன்கூட்டியே வேண்டும் என்ற பயம் தேவையில்லை என்பதற்கு அதுவே சான்று. பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் '6 மினிட் இங்கிலீஷ்' எழுத்து வடிவத்தோடு கிடைக்கிறது. முதலில் கேளுங்கள், பிறகு படித்துக்கொண்டே கேளுங்கள், மூன்றாவது முறை கூடவே சொல்லுங்கள்.

பேச்சு வரவில்லை என்கிறீர்கள். நீங்கள் இதுவரை பேசிப் பழகவே இல்லை, படித்தது மட்டும்தான். செய்தியைப் படித்ததும் தாளை மூடிவிட்டு, அதையே மூன்று வாக்கியங்களில் உரக்கச் சொல்லுங்கள். எளிய சொற்களே போதும். தடுமாறினால் திரும்பப் பார்த்துவிட்டு மறுபடி சொல்லுங்கள். படித்தது வாய்க்கு வருவது இந்த இடத்தில்தான்.

வாரக் கடைசியில் அதே பொருளில் தலையங்கம் வந்திருந்தால் அதைக் கையில் எடுங்கள். நிகழ்ச்சி தெரியும், முக்கியச் சொற்கள் பழகியிருக்கும். ஆசிரியர் என்ன வாதிடுகிறார் என்பது மட்டுமே புதிது. தலையங்கத்தால் கிடைக்கவேண்டிய பயன் அப்போதுதான் கிடைக்கும். நேர்முகத் தேர்வில் நாட்டு நடப்பைப் பற்றிக் கேட்டால், ஒரு வாரம் கூடவே வந்த செய்தியைப் பற்றிச் சொல்ல உங்களிடம் தகவலும் இருக்கும், கருத்தும் இருக்கும், வாக்கியமும் இருக்கும். நாளைக் காலையே ஒரு செய்தியைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கிவிடுங்கள்.