மிஞ்சும் காய்களை வற்றலாக்கி வையுங்கள்

கொல்லையில் போட்ட கொத்தவரையும் கத்தரியும் காய்த்துக் குவியும் நாட்களில், சந்தையிலும் அதே காய்தான் குவிந்து கிடக்கும். ஐந்து கிலோ, பத்து கிலோ கொண்டுபோகும் சிறு விவசாயிக்கு வண்டிச் சத்தம்கூடத் தேறாது. பறிக்காமல் செடியில் விடுவதும் நஷ்டமே. காய் முற்றினால் புதிதாகப் பூப்பது குறையும். எனவே பிஞ்சுப் பதத்தில் பறித்து, மிஞ்சியதை மாசி முதல் சித்திரை வரையுள்ள நல்ல வெயிலில் வற்றலாக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய் கிடைக்காதபோது அது கைகொடுக்கும்.

காய்க்கு ஏற்ற பக்குவம்

கொத்தவரை: காம்பும் நாரும் நீக்கி, உப்பிட்ட கொதிநீரில் 3 முதல் 5 நிமிடம் போட்டு வடித்துக் காயவைக்க வேண்டும். இதனால் நிறமும் மணமும் கெடாது.

கத்தரி: நறுக்கியதும் உப்பு நீரில் போடாவிட்டால் கறுத்துவிடும்.

வெண்டை: கழுவித் துடைத்த பிறகே நறுக்க வேண்டும். நறுக்கிக் கழுவினால் கொழகொழப்பாகும்.

சுண்டை, மிளகாய்: சுண்டைக்காயை லேசாகத் தட்டியும், மிளகாயைக் கீறியும் உப்பிட்ட மோரில் ஊறவைக்கவும். பகலில் வெயிலும் இரவில் மோருமாக, மோர் வற்றும் வரை மாற்றி மாற்றிச் செய்யவும்.

முருங்கைக்கீரை: நேர் வெயிலில் உயிர்ச்சத்து 'ஏ' வீணாகும். நிழலில் உலர்த்திப் பொடி செய்க.

மருந்து தெளித்த செடியாயின், அம்மருந்துக்குரிய காத்திருப்பு நாட்கள் கழியுமுன் காயைப் பறிக்கக் கூடாது.

உலர்த்துதலும் சேமிப்பும்

தரையில் பரப்பாமல் கயிற்றுக் கட்டிலில் துணி விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பரப்பினால் அடியிலும் காற்றுப் படும். ஈ மொய்க்காதபடி மெல்லிய துணியால் மூடவும். பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். ஒடித்தால் சடக்கென ஒடிய வேண்டும்; வளைந்தால் இன்னும் ஒரு வெயில் தேவை. அரைகுறையாய்க் காய்ந்த வற்றல் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்ததைத் துடைத்துவிட்டுச் சாப்பிடக் கூடாது, எறிந்துவிட வேண்டும். சூடு ஆறிய பின்பே ஈரமில்லாத ஜாடியிலோ டின்னிலோ போட்டு இறுக மூடவும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும். மழைக்கு முன் ஒருமுறை வெயில் காட்டுவது நல்லது.

விற்பனைக்குக் கணக்கு

10 கிலோ கொத்தவரையில் சுமார் 8 கிலோ நீர். வற்றல் 2 கிலோ அளவே தேறும். கத்தரியில் 9 கிலோவுக்கு மேல் நீராதலால் வற்றல் 1 கிலோவுக்கும் குறைவே. ஆகவே வற்றல் விலை பச்சைக்காயைப் போல் கொத்தவரைக்கு 5 மடங்கும், கத்தரிக்கு 10 மடங்கும் தாண்டினால்தான் காயின் விலையாவது திரும்பும். உப்பு, விறகு, உழைப்பு இவற்றின் செலவு தனி. இக்கணக்குப்படி கொத்தவரையைச் சற்றுக் கூடுதலாகப் போட்டு விற்கலாம். கத்தரி வற்றலை வீட்டுத் தேவைக்கு மட்டும் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.