பங்கும் நடுவுநிலையும்



நடுவுநிலையோடு பங்கு பிரிப்பது எப்படி? தஞ்சைச் சீமையின் பழைய வழக்கம் ஒன்றைப் பார்ப்போம்.

அங்கே சில ஊர்களில் நஞ்சை நிலம் மிராசுதார்கள் அனைவருக்கும் பொதுவாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைக் கரைகளாகப் பிரித்துச் சீட்டுப் போட்டு எடுத்துக்கொள்வார்கள். இதற்குக் கரையீடு என்று பெயர். தலைமடை வயலா, தண்ணீர் எட்டாத கடைமடையா, எது தனக்கு விழும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே பிரிப்பவர் நேர்மையாகப் பிரித்தே ஆகவேண்டும்.

அமெரிக்க அறிஞர் ஜான் ரால்ஸ் 1971இல் வெளியிட்ட நீதி நூலும் இதையே சொல்கிறது: நீ செல்வனா, ஏழையா என்பதே தெரியாத ஒரு திரைக்குப் பின்னால் நின்று நியாயத்தை வகுத்துப் பார்.

ஆனால் கரையீட்டில் ஒரு குறை உண்டு. அந்த வயலில் உழுது நட்ட பண்ணையாளுக்குச் சீட்டே இல்லை. மிராசுதார்களுக்குள் இருந்த நியாயம் சேரிக்கு எட்டவில்லை. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது. அதன் பிறகும், கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

தெற்கே சாமித்தோப்பில் அய்யா முத்திரிக் கிணற்றை எல்லாச் சாதியாருக்கும் பொதுவாக்கினார். யாரையும் வெளியே நிறுத்தவில்லை.

ஆகவே, வீட்டிலும் ஊரிலும் பங்கு வைக்கும்போது, சமமாக வைத்தோமா என்று கேட்பதற்கு முன், யாரை எண்ணாமல் விட்டோம் என்று கேட்போம்.

அய்யா உண்டு.