மின்சாரமும் நம் பாதுகாப்பும்

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் ஏ.சி., கீசர், கிணற்று மோட்டார் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒரு நாள் ஈரக்கையால் மோட்டாரைத் தொட்ட பாட்டிக்கு ‘ஷாக்’ அடித்தது. இறையருளால் பிழைத்தார். மின்விதிகளின் அருமை அன்றுதான் எனக்குப் புரிந்தது.

10 கிலோவாட் மின்பளுவை 230 வோல்ட் ஒருமுனை இணைப்பில் எடுத்தால், ஒரே கம்பியில் சுமார் 43 ஆம்பியர் ஓடும். மும்முனை இணைப்பில் சமமாகப் பகிர்ந்தால் ஒவ்வொரு முனையிலும் சுமார் 14.5 ஆம்பியர்தான். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்பது ஜூல் விதி. பளுவுக்கேற்ற பருமனில்லாத கம்பி சூடேறித் தீப்பிடிப்பது இதனால்தான்.

நம் நாட்டில் வயரிங்கிற்கு ஐ.எஸ். 732, எர்த்திற்கு ஐ.எஸ். 3043 என்னும் தரவிதிகள் உள்ளன. மும்முனை இணைப்பில் நியூட்ரல் கம்பிக்குத் தனி ஃபியூஸ் கூடாது. நியூட்ரல் அறுந்தால் மின்னழுத்தம் சமநிலை இழந்து, கருவிகள் கருகிவிடும்.

“ஃபியூஸ்தான் இருக்கிறதே!” என்பீர்கள். 16 ஆம்பியர் ஃபியூஸ் கம்பியைக் காக்கும், மனிதரைக் காக்காது. அதில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவான 30 மில்லியாம்பியரைத் தாண்டி உடலில் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. அந்த அளவுக் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி.

பாட்டி தொட்ட மோட்டாருக்கு எர்த் கம்பியே இல்லை. சிறு செலவை மிச்சம் பிடித்திருந்தோம்! இப்போது உரிமம் பெற்றவரைக் கொண்டு எல்லாம் சரிசெய்துவிட்டோம். மாதந்தோறும் ஆர்.சி.சி.பி.யின் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்திப் பார்ப்பது என் வேலை. தோழியரே, உங்கள் வீட்டிலும் இன்றே பாருங்கள்.