வீட்டின் வெப்பமும் இலவசக் கணக்கும்

வீடு கட்டுவோர் கம்பிக்கும் சிமென்டுக்கும் செலவிடும் சிந்தனையில் ஒரு சிறு பாகத்தையேனும், கட்டி முடித்த வீட்டிற்குள் எவ்வளவு வெப்பம் புகும் என்னும் வினாவுக்குச் செலவிடுவதில்லை. அவ்வினாவுக்கு விடை தரும் கணிப்புக் கருவிகளும் காலநிலைத் தரவுகளும் இணையத்தில் ஒரு காசும் கேளாமல் கிடைக்கின்ற இந்நாளிலும், அவற்றைப் பற்றிய சில தவறான நம்பிக்கைகள் மக்களை அவற்றின் பக்கம் அண்டவிடாமல் செய்கின்றன. அவற்றுள் நான்கினை இங்கே பரிசீலிப்போம்.

நம்பிக்கை: இலவசமாகக் கிடைப்பது தரத்தில் குறைந்ததாகவே இருக்கும்.

விலையுள்ள பொருளுக்கே மதிப்புண்டு என்னும் வியாபார நியாயம் இத்துறையில் செல்லாது. அரசாங்கச் செலவில் முன்னரே உருவாகியிருந்த பிளாஸ்ட், டி.ஓ.இ.-2 என்னும் இரண்டு நிரல்களின் சிறந்த அம்சங்களை ஒன்றுசேர்த்து, அமெரிக்க எரிசக்தித் துறை 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட எனர்ஜிபிளஸ் என்ற மென்பொருளை எவரும் இறக்கிக்கொண்டு பயன்படுத்தலாம். அதன் மூலநிரலையே திறந்து பரிசோதிக்கலாம். பொறியாளர் அலுவலகங்கள் பணம் கொடுத்து வாங்கும் டிசைன்பில்டருக்குள் இருந்து கணக்கிடுவதும் இதே எனர்ஜிபிளஸ்தான். பணம் கொடுப்பவர் பெறுவது கையாளுவதற்குச் சௌகரியமான முகப்பையே; வேறொரு பௌதிகத்தை அன்று.

நம்பிக்கை: அவை குளிர்தேசத்தாரின் கருவிகள், நமது வெயிலை அவை அறியா.

வெப்பம் சுவரினூடே பாயும் விதி எல்லா நாட்டிற்கும் பொதுவானது. வேறுபடுவது கருவிக்கு நாம் கொடுக்கும் காலநிலைக் கோப்பு ஒன்றே. ஓர் ஆண்டின் 8,760 மணி நேரங்களுக்கும் வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, சூரியக் கதிர்வீச்சு ஆகியவற்றை வரிசையாகத் தாங்கிய இக்கோப்புகள் சென்னைக்கும் மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயினும் இவற்றின் சுபாவம் ஒன்றை அறிந்துகொள்வது நலம். ஜனவரியை ஓர் ஆண்டிலிருந்தும் பிப்ரவரியை வேறோர் ஆண்டிலிருந்தும் எடுத்து, எந்த மாதமும் மிகையாகாதபடி தொகுக்கப்பட்ட மாதிரி ஆண்டு அது. அளவீடுகளும் பெரும்பாலும் விமான நிலையங்களின் திறந்த வெளியில் எடுக்கப்பட்டவை. ஆகையால், ஒரு கொடிய கத்திரி வெயிலின் உச்சத்தையோ, வீடுகள் நெருங்கிய தெருவின் புழுக்கத்தையோ அதில் முழுமையாகக் காண இயலாது.

நம்பிக்கை: இந்தக் கணக்கெல்லாம் கண்ணாடி மாளிகைகளுக்கு உரியவை, நம் வீட்டுக்குத் தடித்த சுவரும் மேஸ்திரியின் அனுபவமும் போதும்.

மேஸ்திரியின் அனுபவம் பெரிதும் மதிக்கத்தக்கதே; எனினும், பத்து ஆண்டுகளுக்கு முன் இல்லாத பொருள்கள் இன்று சந்தையில் குவிந்திருக்கையில், பழைய அனுபவம் மட்டும் வழிகாட்டப் போதாது. 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி 2002-இல் அமைந்த மத்திய எரிசக்தித் திறன் செயலகம், குடியிருப்புகளுக்கென்றே 2018-இல் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பை வெளியிட்டு, அதன் கணக்கைச் செய்துபார்க்கும் கருவியையும் இலவசமாகவே அளித்திருக்கிறது. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலுமான மனைகளைக் கருதி எழுதப்பட்டதாயினும், அரை கிரவுண்டில் கட்டுபவர் அக்கருவியைத் தொடக் கூடாதென்று தடையேதும் இல்லை.

அதன் சாரம் எளியது. சுவர்களும் ஜன்னல்களும் சேர்ந்த வெளிப்புறப் பரப்பின் வழியே, சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேல் வெப்பம் உள்ளே வரலாகாது. இக்கணக்கில் இறங்கியவுடன் முதலில் உதிர்வது தடித்த சுவரைப் பற்றிய எண்ணமே. வெளிக்கும் உள்ளுக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது, ஒன்பது அங்குலச் செங்கற்சுவரின் ஒரு சதுர மீட்டர் வழியே ஏறக்குறைய இரண்டு வாட் பாய்கிறது. அதைவிட மெலிந்ததும் கையில் எடுத்தால் லேசானதுமான எட்டு அங்குல ஏ.ஏ.சி. என்னும் காற்றூட்டிய கான்கிரீட் பிளாக் சுவரில் ஒரு வாட்டுக்கும் குறைவாகவே பாய்கிறது, ஏனெனில் வெப்பத்தைத் தடுப்பது அதனுள் அடைபட்ட காற்றுக் குமிழ்களே. அடுத்ததாகத் திசை: ஒரே அளவான ஜன்னலை வடக்கே வைப்பதற்கும் மேற்கே வைப்பதற்கும் உள்ள பேதத்தைக் கருவி எண்ணாகவே காட்டிவிடும், சன்ஷேடை அரை அடி நீட்டினால் என்ன ஆகும் என்பதையும் உடனுக்குடன் சொல்லும்.

மொட்டை மாடியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். மேற்சொன்ன 15 வாட் கணக்கில் கூரை சேர்வதில்லை. அதற்குத் தனி வரம்பு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட் என்று, விதிக்கப்பட்டிருக்கிறது. ஆறு அங்குல வெறுங் கான்கிரீட் தளத்தின் வழியே இறங்குவதோ மூன்று வாட்டுக்கும் அதிகம். சென்னையில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால், தனி வீட்டுக்காரரும் மேல்மாடிக் குடித்தனக்காரரும் படும் அவதிக்குச் சுவரைக் காட்டிலும் கூரையே பெருங்காரணமாகிறது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டோடு பதிக்கும் நமது வழக்கம் இவ்வெப்பத்தை ஓரளவு குறைப்பது மெய்; ஆனால் அதுமட்டுமே 1.2 என்ற எல்லைக்குக் கொண்டுவராது. தளத்தின் மேல் இரண்டு அங்குலக் கெட்டிப் பாலிஸ்டைரீன் பலகையைப் பதித்துப் பின்னர் ஓடு போட்டால் அவ்வெல்லைக்கு வெகுவாகக் கீழே இறங்கிவிடும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வரவேற்பறைச் சலவைக்கல்லுக்குத் தாராளமாகச் செலவிடும் நாம், தலைக்கு மேலுள்ள இத்தளத்தைக் கவனியாது விட்டு, பிறகு ஆண்டுதோறும் ஏ.சி.க்குக் கப்பம் கட்டுவது எனக்கு மிக்க வருத்தத்தைத் தருகிறது.

காற்றோட்டத்துக்கும் இவ்விதித்தொகுப்பில் அளவுண்டு. சென்னையைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிக்க பிரதேசங்களில், தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையாமல் திறக்கக்கூடிய ஜன்னலும் கதவும் வேண்டும்; ஆயிரம் சதுர அடி வீடாயின் ஏறத்தாழ 167 சதுர அடி.

நம்பிக்கை: கருவி சொல்லும் யூனிட்டே மின்கட்டண ரசீதிலும் வரும்.

இது முதல் நம்பிக்கைக்கு நேர் எதிரான மயக்கம். ஏ.சி. எத்தனை மணிக்குப் போடப்படும், எத்தனை பேர் வசிப்பர், ஜன்னல் எப்போது திறந்திருக்கும் என்பனவெல்லாம் கணக்கிடுபவரின் ஊகங்கள். ஊகம் மாறினால் விடையும் மாறும். ஒரே ஊகங்களை வைத்துக்கொண்டு இரண்டு சுவர்களையோ இரண்டு கூரைகளையோ ஒப்பிடுவதிலேதான் இக்கருவிகள் நம்பத்தக்கவை. ஏற்கெனவே குடியிருக்கும் வீடாயின், உண்மையான மின்செலவோடு ஒப்பிடுகையில் மாதவாரியான மாதிரியின் மொத்தப் பிழை ஐந்து சதவீதத்துக்குள்ளும், மாதந்தோறும் காணும் விலகல் பதினைந்து சதவீதத்துக்குள்ளும் அடங்கினால் அதை ஏற்கலாம் என்பது ஆஷ்ரே என்னும் அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் நெறி. அந்த ஒப்பீட்டுக்கு வேண்டிய தரவோ நம்மிடமே இருக்கிறது: மின்வாரியத்தின் இணையத்தளத்தில் முந்தைய ரசீதுகளின் யூனிட் கணக்கை எடுத்து, கோடை மாதங்களின் எண்ணிலிருந்து மார்கழி, தை மாதங்களின் எண்ணைக் கழித்தால், மிஞ்சுவதில் பெரும்பகுதி மின்விசிறிக்கும் ஏ.சி.க்கும் ஆன செலவு. கூரையையோ ஜன்னலையோ மாற்ற நினைப்பவர் முதலில் ஒத்துப்பார்க்கவேண்டிய எண் அதுவே.