பழைய காருக்கு எந்த வேகம் சுகம்?

1980-களின் அம்பாசடரோ பிரீமியர் பத்மினியோ வைத்திருக்கிறீர்களா? நெடுஞ்சாலையில் மணிக்கு 60 முதல் 70 கிலோமீட்டர் போதும். இவற்றுக்கு ஐந்தாவது கியர் கிடையாது. 90-ஐத் தொட்டால் அந்த 1489 சிசி, 1089 சிசி இன்ஜின்கள் நாலாவது கியரிலேயே திணறிச் சூடேறும். என்னைக் கேட்டால், 65-தான் வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து ரசிக்கிற வேகம்.

அதைவிட முக்கியம் பிரேக். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். நிற்பதற்கு இன்றைய கார்களைவிட அதிக தூரம் வேண்டும். முன்னால் போகும் வண்டியிலிருந்து நாலு விநாடி இடைவெளி விடுங்கள். மலைப்பாதையில் எந்த கியரில் ஏறுவீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகி, அவசரத்தில் பிடிக்காமல் போகும். பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்கும் பழக்கம் உயிருக்கே ஆபத்து.

எப்போதாவது ஓடும் கார்களில் டயர் தேயாமலே ரப்பர் வெடித்துவிடும். டயரின் பக்கவாட்டில் 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு என்று பொருள். ஆறு வருடம் தாண்டியிருந்தால் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

வெப்பமானி முள் ஏறினால் ஓரமாக நிறுத்துங்கள். ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள்.