நம்பிக்கைகளும் உண்மைகளும்: வலிக்காத கட்டி

"வலிக்கலைல்ல, அப்புறம் என்ன? தானா கரைஞ்சிடும்." மார்பில் கட்டி தட்டுப்பட்டதாகச் சொல்லும் பெண்ணுக்கு மன்னார்குடிப் பக்கத்தில் முதலில் கிடைக்கும் ஆறுதல் இதுதான். சொல்பவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. மாதவிலக்கை ஒட்டி வந்து போகும் வலிக்குத்தான் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. கட்டி என்றாலே புற்று என்றும் இல்லை. முக்கால்வாசிக்கு மேல் சாதாரணக் கட்டிகள்தான். எது எந்த வகை என்பது தடவிப் பார்த்துத் தெரியாது, பரிசோதித்தால்தான் தெரியும்.

வலி இல்லாததைத் தள்ளிப்போடுவது எளிது. புரட்டாசி, ஐப்பசியில் சம்பா நடவு, கையில் கூலி வரும் காலம். "நடவு முடியட்டும்" என்பார். நடவு முடிந்தால் தீபாவளி, பிறகு களையெடுப்பு, தையில் அறுப்பு. சேற்றில் குனிந்து நிற்கும்போது ரவிக்கைக்குள் நெல்லிக்காய் அளவு இருந்தது, நெல் வீட்டுக்கு வரும்போது தோலை உள்ளே இழுத்துக்கொண்டு, அக்குளிலும் ஒரு முடிச்சாகத் தெரியும். அப்போதும் வலி இருக்காது.

அந்தச் சில மாதங்களின் விலையைச் சொல்லும் கணக்கு நம்மிடமே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் புற்றுநோய்ப் பதிவேடுகள், 2012 முதல் 2015 வரை நோய் கண்டறியப்பட்ட பெண்களை நாட்டின் 11 பகுதிகளில் தொடர்ந்து கவனித்தன. நோய் மார்பைத் தாண்டாத நிலையில் வந்தவர்களில் 100க்கு 81 பேர் ஐந்து ஆண்டுகளைக் கடந்தார்கள். அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருந்தால் 65 பேர். எலும்பு, நுரையீரல், கல்லீரல் என்று தொலைவுக்குப் போயிருந்தால் 18 பேர். வித்தியாசத்தில் பெரும்பகுதி, எப்போது வந்தார்கள் என்பதில்தான் இருக்கிறது.

"கத்தி பட்டா பரவிடும்" என்பது இன்னும் ஆழமாக வேரோடிய நம்பிக்கை. இது எப்படி வந்தது என்று யோசித்தால் ஊரைக் குறை சொல்லத் தோன்றாது. முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனவர் ஆபரேஷன் முடிந்து ஆறு மாதத்தில் இறந்துபோனார். ஊர் பார்த்தது ஆபரேஷனையும் சாவையும். அதற்கு முன்பே உள்ளே பரவிவிட்டிருந்ததை யார் பார்த்தார்கள்? நோயை உறுதிசெய்யும் பயாப்ஸிக்குக் கத்திகூடப் பெரும்பாலும் தேவையில்லை. அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, சற்றுத் தடித்த ஊசியால் நூல் போன்ற சதைத்துணுக்கை எடுக்கிறார்கள். அந்தத் துணுக்குதான் இது ஹார்மோனால் வளரும் வகையா, ஹெர்-2 வகையா, இரண்டும் இல்லாததா என்று சொல்கிறது. அது தெரியாமல் எந்த மருந்து கொடுப்பது? ஊசிக்குப் பயந்து பற்றுப் போட்டுக் காத்திருப்பதில்தான் ஆபத்து. பரவாத நிலையிலேயே நவீன சிகிச்சையை மறுத்து மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு இறப்பு அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல் என்று 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

"பிள்ளைக்குப் பால் கொடுத்தவளுக்கு வராது" என்பதில் பாதி உண்மை உண்டு. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002இல் வெளியிட்ட முடிவின்படி, பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அபாயம் சுமார் 4.3 சதவீதம் குறைகிறது. குறைகிறது, அவ்வளவுதான். மூன்று பிள்ளைக்குப் பால் கொடுத்தவருக்கும் வரும். பால் கொடுக்கும்போதே கூட வரலாம்; பால்கட்டு என்று நினைத்தது இரண்டு வாரத்தில் கரையாவிட்டால் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். "எங்க பரம்பரையிலேயே இல்ல" என்பதும் காப்பாற்றாது. பரம்பரை மரபணுக் கோளாறால் வருவது 100இல் ஐந்து முதல் பத்து மட்டுமே.

இந்த நோய் தொற்றாது. தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்குவது கொடுமை. நோயை விட அது அந்தப் பெண்ணை அதிகம் வதைக்கும்.

"மார்பையே எடுத்துடுவாங்க" என்ற பயத்தைப் பெண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் பலரைத் தடுத்து நிறுத்துவது அதுதான். இத்தாலியில் டாக்டர் வெரோனேசியும் அமெரிக்காவில் டாக்டர் ஃபிஷரும், மார்பை முழுதாக எடுத்தவர்களையும், கட்டியை மட்டும் எடுத்துக் 'கரண்ட்' (கதிர்வீச்சு) வைத்துக்கொண்டவர்களையும் 20 ஆண்டுகள் ஒப்பிட்டார்கள். உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை என்று 2002இல் இருவருமே அறிவித்தார்கள். எல்லாருக்கும் இது பொருந்தாது. கட்டி சிறிதாக இருக்கும்போது வந்தால் வாய்ப்பு அதிகம்.

மெஷின் இருக்கும் பெரிய ஊருக்குப் போனால்தான் கண்டுபிடிக்க முடியும் என்பதும் சரியில்லை. 1998இல் மும்பை டாடா மருத்துவமனை தொடங்கிய ஆய்வில் ஒன்றரை லட்சம் பெண்கள் பங்கேற்றார்கள். அவர்களில் பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பரிசோதித்தார்கள். 50 வயதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. பயிற்சி பெற்ற கைகளுக்கு அவ்வளவு திறன் உண்டு. அந்தப் பரிசோதனைக்கு மன்னார்குடி அரசு மருத்துவமனை போதும். மேல்சிகிச்சைக்குத் திருவாரூர், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கே போவதென்றாலும், மன்னை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆபரேஷன், கீமோ, கரண்ட் மூன்றுக்குமே உதவி கிடைக்கும்.

கடைசியாக ஒன்று: "ஆபரேஷன் முடிஞ்சாச்சு, இனி மாத்திரை எதுக்கு?" ஹார்மோனால் வளரும் வகை என்றால் டாமாக்ஸிஃபென் போன்ற மாத்திரையைக் குறைந்தது ஐந்து ஆண்டு தினமும் போட வேண்டும். ஐந்து ஆண்டு போட்டவர்களுக்கு, அடுத்து வரும் ஆண்டுகளிலும் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. விலையும் அதிகமில்லை. உடம்பு எரிச்சலோ, மாதவிலக்குக் கோளாறோ வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், வழி இருக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.