சிமென்ட் இல்லாமல் நிற்கும் அசீர் கல்மாளிகைகள்

கேள்வி: சவூதியின் அசீர் பகுதியில், அபா நகருக்கு மேற்கே உள்ள ரிஜால் அல்மா கிராமத்துக்கு விடுமுறையில் போயிருந்தேன். அந்தப் பழங்குடி மாளிகைகள் கம்பியும் சிமென்டும் இல்லாமல் பல மாடி உயரத்துக்கு எப்படி நிற்கின்றன? இடுக்குகளில் சிமென்ட் பூசினால் இன்னும் நெடுங்காலம் நிற்கும் என்கிறார் உடன் வந்த நண்பர். சரியா?
– வாசகர், கமீஸ் முஷைத்

பதில்: நண்பர் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த யோசனை அந்தச் சுவர்களைக் கெடுத்துவிடும்.

அங்கே சுவரை நிறுத்தி வைப்பது அதன் பாரம்தான். அடியில் தடிமனாக எழும்பும் சுவர் மேலே போகப் போக மெலிந்து, சற்றே உள்நோக்கிச் சாய்கிறது. உள்ளூர் மலையில் பெயர்த்த கற்களை, இணைப்புக்கு மேல் இணைப்பு வராதபடி அடுக்கி, இடுக்குகளில் சில்லுகளை இறுக்கிச் செருகுவார்கள். இடையில் இடும் களிமண், கல் ஆடாமல் படிந்து உட்காருவதற்காக. மூலைகளுக்கு நீளக் கற்களைத் தேடி எடுத்து, மாற்றி மாற்றிப் பூட்டுவார்கள். மூலை பிளந்தால் மொத்த வீடும் போய்விடும்.

ஜன்னல்கள் சிறியவையாக இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். கல் சுவரில் அகலமான திறப்பு பலவீனம். அதோடு, ஏமனிலிருந்து மக்காவுக்கும் செங்கடல் கரைக்கும் போன வணிகப் பாதையில் இருந்த ஊர் அது, காவல் முக்கியம். கீழ்த்தளத்தில் கால்நடையும் தானியமும், மேலே குடும்பம். ஜன்னலைச் சுற்றியுள்ள வெள்ளைக் குவார்ட்ஸ் கற்கள் அழகுக்கானவை. உள்ளறைகளின் வண்ணக்கோலம் பெண்களின் கைவேலை. அல்-கத் அல்-அசீரி எனப்படும் இக்கலையை யுனெஸ்கோ 2017-இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதை அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்த பாத்திமா அபு கஹாஸ் இந்த ஊர்க்காரர்.

இந்த வீடுகளின் உயிர் கூரையில்தான் இருக்கிறது. மர உத்தரங்கள், அவற்றின்மேல் கிளைகள், அதற்கும்மேல் மிதித்து இறுக்கிய மண். சவூதியிலேயே அதிகம் மழை பெறும் பகுதி அசீர். வீட்டில் ஆள் இருந்து, கூரை மண்ணை அவ்வப்போது கெட்டிப்படுத்தி, நீர் போகும் வழியை அடைபடாமல் பார்த்துக்கொண்டவரை கவலையில்லை. குடும்பங்கள் புது வீடுகளுக்குப் போனபின், மழைநீர் சுவரின் தலைவழியே உள்ளே இறங்கியது. களிமண் கரைந்தது, சுவருக்குள் செருகிய உத்தரத்தின் முனை உளுத்தது. எதிரெதிர்ச் சுவர்களைப் பிடித்து வைத்திருப்பதே அந்த உத்தரங்கள்தாம். அவை போனால் சுவர் பிதுங்கிச் சரியும்.

இந்த நிலையில் வெளியே சிமென்ட் பூசினால், உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லை. களிமண்ணும் கல்லும் நுண்ணிய அளவில் அசைந்து கொடுக்கும். சிமென்ட் அசையாது, விரிசல் விடும். அந்த விரிசல் இன்னும் அதிகத் தண்ணீரை உள்ளே விடும். பார்வைக்குத் திடமான சுவர், உள்ளே பொள்ளலாகிவிடும். சரியான வைத்தியம் முதலில் கூரை, அடுத்து உத்தரம், கடைசியில் அதே கல்லும் அதே மண்ணும்.

1980-களில் அந்த ஊர் மக்களே அல் அல்வான் மாளிகையை அருங்காட்சியகமாக்கி, தங்கள் வீட்டுப் பொருள்களையும் அதற்குத் தந்தார்கள். மறுமுறை போகும்போது அதன் உள்ளே சென்று, உத்தரங்கள் சுவருக்குள் நுழையும் இடத்தை உங்கள் நண்பருக்குக் காட்டுங்கள்.